மீன்தொட்டியில் வெண்புள்ளி நோய்

நோய்களுட் சில, தாம் வந்ததைப் பறைசாற்றி வருவன. சில, ஒளிந்து வந்து ஒளிந்தே செல்வன. வீட்டு மீன்தொட்டிகளிற் காணப்படும் வெண்புள்ளி நோயோ இவ்விரண்டினும் வேறாயது. அது கண்ணுக்குத் தெரியும்போது மருந்துக்கு எட்டாது. மருந்துக்கு எட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு செய்தியை உளங்கொண்டவர் தம் மீன்களிற் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிக்கொள்வர். இதனை அறியாதார் விலையுயர்ந்த மருந்துகளை வாங்கிப் பெய்தும் தொட்டியை வெறுமையாக்கி விடுவர்.

வழக்கமாக நிகழ்வது இது. முன்கூடத்திலே அழகுக்காகவும் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகவும் வைக்கப்பட்ட ஒரு கண்ணாடித் தொட்டி. அதிற் பல மாதங்களாக நலமாக வாழ்ந்துவரும் சில மீன்கள். கடைத்தெருவிற்குச் சென்ற வீட்டுக்காரர் புதிதாக நான்கு மீன்களை வாங்கிவந்து அன்றே தொட்டியில் விடுகின்றார். நான்காம் ஐந்தாம் நாளில், ஒரு மீனின் வாற்செட்டையில் உப்புத் தூவினாற்போல இரண்டொரு வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மறுநாள் அவை இருபதாகின்றன. மருந்து இடப்படுகின்றது. இரண்டு நாளிற் புள்ளிகள் மறைகின்றன. வீட்டார் மனம் நிறைந்து மருந்தை நிறுத்துகின்றனர். அதன்பின் ஒரு கிழமை கழியுமுன்னரே எல்லா மீன்களின் உடலும் வெண்மணல் அப்பியதுபோல் ஆகி, ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கின்றன. “மருந்து போலி” என்று கடைக்காரரை நோவார் உளர். குற்றம் பெரும்பாலும் மருந்தினதன்று. புள்ளி மறைந்ததை நோய் நீங்கியதாக எண்ணிய கணக்கே பிழைத்தது.

இந்நோயை விளைவிப்பது புழுவுமன்று, பூஞ்சணமுமன்று. ஒரே கலத்தாலாய நுண்ணுயிர் அது. அதன் உடலைச் சுற்றி மயிர்போன்ற நுண்ணிய பிசிர்கள் உள்ளன. அவற்றை அலைத்தே அது நீந்தும். 1869ஆம் ஆண்டில் ஹில்கெண்டோர்ப், பவுலிக்கி என்னும் ஜேர்மானியர் இருவர் நன்னீர் மீன்களின் தோலில் வாழும் இவ்வகை உயிரைப் பற்றி எழுதினர். 1876ஆம் ஆண்டில் பூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அதற்கு இக்தியோப்திரியசு மல்டிபிலிசு எனப் பெயரிட்டார். “பல மக்களைப் பெற்ற மீன்பேன்” என்பது அப்பெயரின் பொருள். பேன் என்றது பொருந்தாவிடினும், பல மக்களைப் பெற்றது என்றது முற்றும் பொருந்தும். ஒற்றைக்கல உயிர்களுள் இது பெரியது. நன்கு வளர்ந்த நிலையில் ஒரு மில்லிமீற்றர் அளவை எட்டுவதும் உண்டு. ஆதலாலேயே நுணுக்குக்காட்டி இன்றியும் வெண்புள்ளியாக அது புலப்படுகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், உருண்டையான உடல் மெல்லச் சுழல்வதும், அதனுள்ளே குதிரைலாடம்போல் வளைந்த கரு ஒன்று இருப்பதும் தெரியும். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள எளிய நுணுக்குக்காட்டியே இதற்குப் போதும். உயிரியல் பயிலும் மாணவர்க்கு இதைவிடச் சுவையான காட்சி ஒன்றை வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்துக்காட்டுதல் அரிது.

அவ்வுயிரின் வாழ்க்கை மூன்று பருவங்களையுடையது. இவற்றைச் சற்று நின்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். மருத்துவம் முழுவதும் இவற்றையே பற்றி நிற்கின்றது.

முதலாவது, மீனின் உடலில் வாழும் பருவம். ஒட்டுண்ணியானது மீனின் தோற்பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. அது தோலின் மேற்படையைத் துளைத்து, அதன் அடியிற் புகுந்து, அங்கே ஒரு சிற்றறை அமைத்துக்கொண்டு மீனின் கலங்களைத் தின்று கொழுக்கின்றது. நாம் காணும் வெண்புள்ளி, உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியும் அதனைப் போர்த்திருக்கும் மீனின் தோலும் ஆகும். மீனின் சொந்தத் தோலே பகைவனுக்குக் கேடயமாகி நிற்பதால், நீரிற் கலந்த எந்த மருந்தும் அதனை எளிதில் எட்டமாட்டாது. மீனைக் கொல்லுமளவு மருந்து பெய்தாலன்றி உள்ளிருப்பதைக் கொல்லல் இயலாது.

இரண்டாவது பருவம், பெருகும் பருவம். தின்று முதிர்ந்த ஒட்டுண்ணி தோலைப் பிளந்துகொண்டு வெளியேறி, சிறிது நேரம் நீந்தி, தொட்டியின் அடியிலுள்ள மணலிலோ, கல்லிலோ, நீர்த்தாவரத்தின் இலையிலோ ஒட்டிக்கொள்ளும். பின்னர் பசைபோன்ற உறை ஒன்றைச் சுரந்து தன்னைச் சூழ மூடிக்கொள்ளும். அவ்வுறையினுள் அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரியத் தொடங்குகின்றது. சில நூறு முதல் ஆயிரம் வரையான குஞ்சுகள் அந்த ஓர் உறையினுள் உருவாகும். வெப்பமான நீரில் இது ஒரு நாட்பொழுதில் முடிந்துவிடும். இப்பருவத்திலும் உறையானது மருந்தைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது.

மூன்றாவது, நீந்தித் திரியும் பருவம். உறை வெடித்ததும் குஞ்சுகள் வெளிப்பட்டு மீனைத் தேடி அலைகின்றன. இவை கண்ணுக்குப் புலனாகா. இவற்றிற்கு உறையுமில்லை, மீனின் தோற் போர்வையுமில்லை. மருந்துக்கும், உப்புக்கும், மிகுந்த வெப்பத்துக்கும் இவை மடிந்துபோகும். ஓரிரு நாளிலே ஒரு மீனை அடைந்து தோலினுட் புகாவிட்டாற் பட்டினியால் இறந்துவிடும். பகைவன் கோட்டையை விட்டு வெளிப்படையான நிலத்தில் நிற்கும் வேளை இஃதொன்றே.

இனி, மேற்கூறிய வீட்டில் நிகழ்ந்தது யாது என்பது விளங்கும். புள்ளிகள் மறைந்தன, ஏன்? ஒட்டுண்ணிகள் இறந்தமையாலன்று. அவை தின்று முதிர்ந்து, இனம் பெருக்குவதற்காக மீனை விட்டு இறங்கின. மருந்து இடாவிடினும் அப்புள்ளிகள் மறைந்தே இருக்கும். உண்மையாகவே மருந்து தொழிற்பட வேண்டிய வேளை அப்பொழுதுதான் வந்தது. அப்பொழுதே அது நிறுத்தப்பட்டது.

ஆற்றிலும் குளத்திலும் இவ்வுயிர் இருக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அங்கே மீன்கள் கூட்டங்கூட்டமாக இறப்பதை நாம் நாடோறும் காண்பதில்லை. ஓடும் நீரிற் பிறந்த குஞ்சுகளிற் பெரும்பாலானவை இரையைக் காணாமலே அழிந்துபோகின்றன. தொட்டியோ நான்கு சுவர்க்குட்பட்டது. எடுத்துக்காட்டாக, பத்துப் புள்ளிகள் இறங்கி, ஒவ்வொன்றும் 500 குஞ்சுகளை ஈனுமாயின் 5,000 குஞ்சுகள் தோன்றும். அவற்றுள் இருபதில் ஒன்றே மீனை அடைந்ததெனக் கொண்டாலும் அடுத்த தடவை 250 புள்ளிகள் தோன்றும். அதற்கடுத்த தடவையைக் கணக்கிடத் தேவையில்லை. அதுவரை மீன்கள் இரா.

இப்பருவங்கள் கழியும் விரைவு நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 25 பாகை செல்சியசுக்கு அண்மித்த நீரில் முழுச்சுற்றும் ஏறக்குறைய ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். 15 பாகையளவில் இரண்டு கிழமை வரை செல்லும். 10 பாகையில் ஒரு மாதத்திற்கு மேலும் நீளும். இலங்கை சிறிய நாடாயினும் இதில் இடத்துக்கிடம் வேறுபாடு உண்டு. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 27, 28 பாகையில் நிற்கும். அங்கே நோய் விரைந்து வந்து விரைந்து கொல்லும். ஆனால் விரைந்து ஒழிக்கவும்படும். நுவரெலியாவிலோ, வெப்பமூட்டி இல்லாத தொட்டியில் நோய் மெல்ல ஊர்ந்து செல்லும். மருத்துவமும் அங்கே பல கிழமைகள் நீளவேண்டும். ஒரே மருந்துப் புட்டியின்மேல் “ஐந்து நாள் இடுக” என்று எழுதியிருப்பதைக் கொழும்பாரும் நுவரெலியாவாரும் ஒருங்கே நம்புதல் அறிவுடைமையாகாது.

நோயை அடையாளங் காணுதல் அடுத்தது. புள்ளி தோன்றுமுன்னரே மீனின் நடத்தை மாறும். கல்லிலும் மணலிலும் உடலைச் சட்டென உராய்ந்து செல்லும். செட்டைகளை விரிக்காமல் உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். இரையை நாடாது. நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இவ்விறுதிக் குறி மிகக் கொடியது. ஒட்டுண்ணி செவுள்களிற் புகுந்து மூச்சைக் கெடுக்கின்றது என்பதே இதன் பொருள். உடலில் ஒரு புள்ளியும் தோன்றாமலே செவுள் நோயால் மீன் இறப்பதும் உண்டு.

வெண்மையாய் இருப்பன எல்லாம் இந்நோயல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பஞ்சு ஒட்டினாற்போல் இருப்பது பூஞ்சணம். மிக நுண்ணிய பொன்தூள் பூசினாற்போல் இருப்பது வேறோர் ஒற்றைக்கல உயிரின் வேலை. பக்கவாட்டில் ஒளி படுமாறு பார்த்தால் அது தெரியும். பூக்கோவாவைப் போன்று திரண்டு பல கிழமைகள் மாறாது நிற்கும் வெண்கட்டி ஒருவகை வைரசு நோய். இவற்றுள் எதற்கும் வெண்புள்ளி மருந்து தக்கதென முடிவுகட்டிவிடக் கூடாது. தங்கமீன் வளர்ப்போர் அடையும் மயக்கம் ஒன்று தனியே சொல்லத்தக்கது. ஆண் தங்கமீனுக்கு இனம் பெருக்கும் காலத்திலே செவுள் மூடியிலும் முன்செட்டைகளின் முதற் கதிரிலும் வரிசையாக வெண்மணிகள் தோன்றும். அது நோயன்று, மீனுக்கு மீசை அரும்பியது போன்றது. நலமாக இருந்த மீனுக்கு இதனைக் கண்டு நஞ்சூட்டியவர்கள் பலர். மணிகள் அவ்விரு இடங்களில் மட்டும் ஒழுங்காக நின்று, மீன் துடியாக நீந்தி இரை தின்னுமாயின் கவலைப்பட ஏதுவில்லை. வெண்புள்ளி நோயோ ஒழுங்கின்றி உடலெங்கும் சிதறி, நாளுக்கு நாள் இடமும் எண்ணும் மாறும்.

நோய் இதுவேயெனத் துணிந்தபின், ஒரு மீனில் மட்டும் புள்ளி கண்டாலும் தொட்டி முழுவதற்கும் மருத்துவம் செய்தல் வேண்டும். நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, எஞ்சியவற்றை அப்படியே விடுதல் பயனற்றது. உறைகள் ஏற்கெனவே மணலிற் கிடக்கக்கூடும்.

முதற் கருவி வெப்பம். நீரின் வெப்பத்தைச் சில மணி நேரத்திற்கு ஒரு பாகையாக மெல்ல உயர்த்தி 30 பாகையில் நிறுத்தினால், ஒட்டுண்ணி விரைந்து முதிர்ந்து மீனை விட்டு இறங்கும். அந்த வெப்பத்தில் அதன் பெருக்கமும் பெரும்பாலும் தடைப்படும். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் வகைகளும் அறியப்பட்டுள்ளமையால், வெப்பத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதும் மறக்கற்பாலதன்று. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். செவுள் பழுதுற்ற மீனுக்கு இக்குறைவு பெரிது. ஆதலின் காற்றுப்பம்பியை இரவும் பகலும் இயக்குதல் வேண்டும். தங்கமீன் குளிர்ச்சியை விரும்பும் இனமாதலால் அதன் தொட்டியில் வெப்பத்தை உயர்த்தாது, உப்பை நாடுவதே மேல்.

உப்பு என்பது நம் அடுக்களையில் உள்ள கறியுப்பே. ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளையும் கல்லுப்பு இதற்கு நன்று. கட்டியாகாதிருக்க வேறு பொருள் சேர்த்த மேசையுப்பைத் தவிர்த்தல் நலம். அளவு, லீற்றருக்கு 2 முதல் 3 கிராம். “ஒரு பிடி உப்பு” என்று சொல்லும் வழக்கம் இங்கு உதவாது. பிடி ஆளுக்காள் வேறுபடும். தொட்டியின் நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30, நீரின் உயரம் 25 எனக் கொள்வோம். இவற்றைப் பெருக்க 45,000 கன சென்ரிமீற்றர், அஃதாவது 45 லீற்றர் வரும். கல்லும் மணலும் கொள்ளும் இடத்தைக் கழித்து 40 லீற்றர் எனலாம். லீற்றருக்கு 3 கிராமாக 120 கிராம் உப்பு வேண்டும். இதனை மூன்று பங்காக்கி, பங்கு 40 கிராமாக, வேறு பாத்திரத்தில் நீர்விட்டு நன்கு கரைத்து, அரை நாளுக்கு ஒரு பங்காக ஊற்றுக. கட்டியாக இட்டால் அடியிற் கிடக்கும் மீனின் தோலைச் சுடும்.

உப்பிட்டபின் இருவகைத் தவறுகள் நிகழ்வதுண்டு. நீர் ஆவியாகிக் குறையும், உப்பு ஆவியாகாது. ஆதலின் ஆவியாகிய குறையை நிரப்ப நன்னீரே விடுதல் வேண்டும்; உப்புச் சேர்க்கக்கூடாது. மாறாக, 10 லீற்றர் நீரை இறைத்து வெளியேற்றிப் புதுநீர் விடும்போது, அந்த 10 லீற்றருக்குரிய 30 கிராமை மட்டும் சேர்த்தல் வேண்டும். முழு 120 கிராமையும் மறுபடி இட்டவர் மீனை ஊறுகாய் ஆக்கிவிடுவர். கப்பி, மொலி, தங்கமீன் ஆகியன இவ்வளவு உப்பை எளிதில் தாங்கும். செதிலற்ற கெளிற்றினங்களும் நீர்த்தாவரங்கள் பலவும் தாங்கமாட்டா. தாவரங்களை முன்னதாக எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துவிடுதல் நன்று.

கடைகளில் விற்கப்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை மலக்கைட்டுப் பச்சை, போமலின், மெதிலீன் நீலம், செப்புச் சேர்க்கை ஆகியவற்றுள் ஒன்றையோ இரண்டையோ கொண்டவை. மலக்கைட்டுப் பச்சையும் போமலினும் சேர்ந்த கலவை இந்நோய்க்கு மிக வலியது. ஆயினும் அது எவ்வகைப் பொருள் என்பதை அறிந்தே கையாளல் வேண்டும். மலக்கைட்டுப் பச்சை புற்றுநோயை விளைவிக்கக்கூடியதென ஐயுறப்படுவதால், உணவுக்காக வளர்க்கும் மீன்களுக்கு இடுவது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. போமலினும் புற்றுநோய் விளைக்கும் பொருளென அறியப்பட்டதே. ஆதலின் திலாப்பியா முதலிய உண்ணும் மீன்களை வளர்க்கும் தொட்டியில் இவற்றைக் கனவிலும் இடக்கூடாது. அலங்கார மீன்களுக்கு இடுவோரும் கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து அளந்திடுக. கருவுற்ற பெண்கள் இவற்றைக் கையாளாதிருத்தல் வேண்டும். மருந்துப் புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தலும், அளக்கும் கரண்டியைச் சமையலறைக்கு மீண்டும் அனுப்பாதிருத்தலும் சொல்லித் தெரியவேண்டியனவல்ல; இருந்தும் சொல்லாதிருக்க முடியவில்லை. செதிலற்ற மீன்கள் தொட்டியில் இருப்பின் புட்டியிற் குறித்த அளவிற் பாதியே இடத்தக்கது. வடிகட்டியிற் கரி இருப்பின் அதனை முதலில் எடுத்துவிடல் வேண்டும். அன்றேல் இட்ட மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும்.

செப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செப்பின் நஞ்சு நீரின் தன்மைக்கேற்ப மாறுவது. சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் வன்னீர். அதிலிட்ட செப்பின் ஒரு பகுதி படிந்துபோய் மருந்தின் வலி குன்றும். களனி கங்கை நீரைக் குழாய்வழி பெறும் கொழும்பு வீடுகளில் நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்திற் போதாதிருந்த அதே அளவு அங்கே மீனைக் கொன்றுவிடும். நத்தையும் இறாலும் செப்பின் சிறிதளவுக்கும் தாங்கா. நீரின் காரத்தன்மையை அளந்தறியும் வசதி இல்லாதார் செப்பை நாடாதிருப்பதே பாதுகாப்பு.

மருந்து எதுவாயினும், அதற்குத் துணையாகச் செய்யவேண்டிய தொண்டு ஒன்றுண்டு. நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டொருநாள், இறப்பர்க் குழாயொன்றால் தொட்டியின் அடிமணலை உறிஞ்சி, நாலிலொரு பங்கு நீரை வெளியேற்றுதல் வேண்டும். அடியிற் கிடக்கும் உறைகளில் எத்தனை வெளியேறுகின்றனவோ அத்தனை நூறு குஞ்சுகள் பிறவாமற் போகின்றன. புதிதாக விடும் நீர் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும். குழாய்நீராயின் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரீனைப் போக்கிவிட்டே பயன்படுத்துக.

மருந்து வாங்க இயலாதார்க்கும், மருந்தைத் தாங்காத மென்மையான மீன்களை வைத்திருப்போர்க்கும் பழைய உபாயம் ஒன்று உள்ளது. இரண்டு வெறுந்தொட்டிகளை அல்லது பெரிய பிளாத்திக்குத் தாழிகளை வைத்துக்கொண்டு, அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ ஒருமுறை மீன்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது. மீனை விட்டிறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தாழியிலே தங்கிவிடும். அவற்றின் குஞ்சுகள் பிறக்குமுன் மீன் அங்கிருந்து போய்விடும். காலியான தாழியை நன்கு தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைத்தால் எல்லாம் அழியும். வெப்பமான ஊர்களில் ஏழெட்டு நாட்கள் இவ்வாறு செய்ய, மீனின் உடலிலிருந்த அனைத்தும் இறங்கிவிடும். உடல் உழைப்பு மிகுதிதான். ஆனால் மீன்களற்றுக் கிடக்கும் பெரிய தொட்டியும் இதற்குள் தானே தூய்மையாகிவிடுகின்றது. மீனின்றி இவ்வொட்டுண்ணி வாழமாட்டாது. 28 பாகை நீரில் பத்து நாள் மீனில்லாதிருந்த தொட்டியில் அது எஞ்சியிராது. “ஒருமுறை வந்த தொட்டியில் அது என்றும் உறையும்; தொட்டியையே உடைத்தெறிக” என்று சிலர் கூறும் அறிவுரை ஆதாரமற்றது.

மருத்துவத்தை எப்பொழுது நிறுத்துவது? இறுதிப் புள்ளி மறைந்த நாளைத் தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும், முடிவாகக் கொள்ளலாகாது. தாழ்நில வெப்பத்தில் அந்நாளிலிருந்து மேலும் ஒரு கிழமையாவது உப்பையோ மருந்தையோ தொடர்க. மலைநாட்டுக் குளிரில் இன்னும் மூன்று நான்கு கிழமை தொடர்தல் வேண்டியிருக்கும். பின்னர் ஒரேநாளில் எல்லாவற்றையும் மாற்றாது, நாலிலொரு பங்கு நீராகச் சில நாட்களில் மாற்றி வருக.

நோய் வராமற் காத்தல் இவையனைத்தினும் மலிவானது. வெண்புள்ளி நோய் காற்றிலே வருவதில்லை. ஒருவர் கொண்டுவந்தே வருகின்றது. புதுமீன், புதுத்தாவரம், நனைந்த வலை, கடையிலிருந்து வந்த நீர், மீன் வாழும் குட்டையில் அள்ளிய உயிரிரை என்பனவே அதன் வாயில்கள். மீன் பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. புதுமீன்களை வேறு சிறு தொட்டியில் மூன்று கிழமையாவது வைத்துப் பார்த்தபின்னரே பழையவற்றோடு சேர்த்தல் வேண்டும். அச்சிறு தொட்டிக்குத் தனி வலை, தனிக் குழாய். தாவரங்களை மீனில்லாத நீரில் பத்து நாள் வைத்திருந்தாற் போதும். வலையை வெயிலில் முற்றாக உலர்த்துக. உலர்ச்சியை இவ்வுயிர் பொறுக்கமாட்டாது. கடையிலே வாங்கும்போதும், தான் விரும்பிய மீனை மட்டும் பாராது அத்தொட்டியிலுள்ள எல்லா மீன்களையும் பார்த்தல் வேண்டும். ஒன்று கல்லில் உராய்ந்தாலும் வெறுங்கையோடு திரும்புதலே நன்று. இவ்விடத்திற்றான் பலருடைய உறுதி தளர்கின்றது. பிள்ளை கையைப் பற்றி இழுக்கும்போது மூன்று கிழமைப் பொறுமையைப் பற்றிப் பேசுதல் எளிதன்று. ஆயினும் வீட்டிலே காத்திருக்கும் பழைய மீன்களும் அப்பிள்ளையினுடையவையே.

நோய்க்கு மீன் ஆளாவதும் ஆளாகாததும் அதன் உடல்நிலையையும் பொறுத்தது. திடீர்க் குளிர்ச்சி மிகவும் கேடானது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் இரவுகளில், சன்னலோரம் இருக்கும் சிறிய தொட்டி விரைவிற் குளிர்ந்துவிடும். அக்காலத்திற் பல வீடுகளில் இந்நோய் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டியைச் சன்னலை விட்டு உட்புறம் நகர்த்துதல், இரவிலே மேலே மூடியிடுதல் என்பன செலவற்ற காவல்கள். மீன்நெருக்கமும், மிஞ்சிய இரை அழுகுதலும் மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பன.

நோயினின்றும் தப்பிய மீனுக்கு ஒரு நன்மை கிடைக்கின்றது. அதன் உடல் இவ்வொட்டுண்ணியை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். அடுத்தமுறை அது எளிதில் நோயுறாது. ஆனால் அவ்வாறு ஆற்றல் பெற்ற மீனின் செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகள் வெளித்தெரியாது தங்கியிருத்தல் கூடும். பழைய மீன்கள் நலமாயிருக்கப் புதுமீன் மட்டும் நோயுறும் புதிருக்கு ஒரு விடை இது. இந்நோய் மனிதருக்கோ, நாய் பூனைகளுக்கோ தொற்றுவதில்லை. கடல்மீன் தொட்டிகளிலும் இதுபோன்ற வெண்புள்ளி தோன்றுவதுண்டு. அதனை விளைவிப்பது வேறோர் உயிர். உப்புநீரே அதற்கு வீடாதலால், இங்கே கூறிய உப்பு மருத்துவம் அங்கே பயன்படாது.

இறந்த மீனையும் இறைத்த நீரையும் என்ன செய்வது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். நோய் கண்டு மனம் வெறுத்தோர் சிலர், உயிரோடிருக்கும் மீன்களைக் “கொல்ல மனமில்லை” என்று வாய்க்காலிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கத்தாற் செய்வதாயினும் இது கொடுமையில் முடியும். களனி முதல் நில்வளா வரையான ஈரவலய ஆற்றுப் படுகைகளில், காட்டு நிழல் படிந்த சிற்றோடைகளிலே, செங்கனி நிறத்த சிறிய கெண்டை ஒன்று வாழ்கின்றது. 1929ஆம் ஆண்டில் தெரணியகல அவர்கள் அதனை விவரித்து பன்டியசு திற்றேயா எனப் பெயரிட்டார். உலகெங்கும் மீன்தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படும் அம்மீனுக்கு இயற்கையான இருப்பிடம் இவ்விலங்கை ஒன்றே. அத்தகைய ஓடையில் வேற்றுநாட்டு மீனையும் அதன் நோயையும் கொண்டுபோய் விடுதலாகாது. இறந்த மீனை மண்ணிற் புதைத்துவிடுக. இறைத்த நீரை ஓடையிலும் கிணற்றருகிலும் ஊற்றாது, வெயில் படும் வெறுநிலத்திற் சிந்தவிடுக. உப்பிட்ட நீராயின் பூமரத்தடியையும் கறித்தோட்டத்தையும் தவிர்த்துக்கொள்க. மருந்து கலந்த நீரைக் கழிவறைக் குழியில் ஊற்றுவது தக்கது. அதற்குமுன் ஒரு பை கரியை அதில் ஓரிரவு இட்டுவைத்தால் மருந்தின் பெரும்பகுதியை அக்கரியே ஏற்றுக்கொள்ளும்.